ஜெபத்தை வாபஸ் வாங்குவது எப்படி

எங்கள் சபையில் எனக்குப் பட்டப்பெயர் ஐ.நா. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் உலகத்துக்காக ஜெபிக்கும் பொறுப்பு ஒன்பது வருடங்களாக என்னிடம் இருக்கிறது. நோயாளிகளுக்கு ஒருவர், பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒருவர், மழைக்கு ஒருவர் என்று ஆளாளுக்குப் பிரித்துக்கொண்டபோது, கடைசியில் உலகம் மட்டும் எடுப்பாரில்லாமல் கிடந்தது. பாவமாக இருந்தது. எடுத்துக்கொண்டேன்.

மற்ற ஆறு நாளும் சுந்தராபுரத்தில் மோட்டாருக்குக் காயில் என்ற செம்புக் கம்பிச் சுருள் கட்டும் கடை. கிணற்று மோட்டாரோ கிரைண்டர் மோட்டாரோ, எரிந்துபோனது எதுவானாலும் என்னிடம்தான் வரும். உலகமும் எரிந்துகொண்டிருப்பதால் இந்த ஆளே பொருத்தம் என்று ஆயர் நினைத்திருக்கலாம். பெயர் வேறு ஞானாபரணம். என் அப்பா அவசரப்பட்டு வைத்துவிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு பேப்பரும் ஒரு டிவியுமாக உட்கார்ந்து அந்த வாரத்து உலகத்தை ஒரு தாளில் எழுதுவேன். எங்கே சண்டை, எங்கே பஞ்சம், எந்தக் கடலில் கப்பல் நிற்கிறது என்று எல்லாம் அதில் வரும். என் மனைவி அன்புச்செல்வி சமையலறையிலிருந்து எட்டிப் பார்ப்பாள்.

"உக்ரைன்ல கரண்ட்டு இல்லைன்னு கண்ணுல தண்ணி உடறீங்க. நம்மூட்டு மோட்டாரு ஓடி நாலு நாளாச்சுங்க. நான் கொடத்துல தண்ணி தூக்கறேன்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால் டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவைத்தேன்.

உலகம் முன்பெல்லாம் பேப்பரோடு நின்றது. இப்போது அப்படி இல்லை. எங்கோ ஒருவர் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டு வரியை ஏற்றினால் திருப்பூரில் தையல் மிஷின் நிற்கிறது. எங்கோ ஒரு கடலில் வழி அடைத்தால் பல்லடத்தில் கோழிப்பண்ணைக்காரர் தலையில் கை வைக்கிறார். ஆகவே யாராவது ஒருவர் இதையெல்லாம் கடவுளிடம் எடுத்துச் சொல்லத்தான் வேண்டும் என்பது என் கட்சி. எனக்குக் கொடுத்திருக்கும் நேரம் நான்கு நிமிடம். ஒவ்வொன்றாகச் சொல்லி, "உம்மை வேண்டுகிறோம்" என்று நிறுத்துவேன். நானூறு பேரும் ஒரே குரலில், "கர்த்தாவே, எங்கள் ஜெபத்தைக் கேட்டருளும்" என்பார்கள். வீட்டில் ஒரு டம்ளர் காபி கேட்டால் எனக்கு இவ்வளவு சீக்கிரம் பதில் வராது.

வினை வந்தது ஒரு கிரைண்டர் மோட்டாரால்.

கிணத்துக்கடவுப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் பாலகோபால் அதைக் கொண்டுவந்தார். ஸ்விட்சைப் போட்டேன். உறுமியது, ஓடவில்லை. அன்றைக்கு எனக்குத் தலைவலி. திறந்துகூடப் பார்க்காமல், "காயில் போச்சுங்க, கட்டணும்" என்றேன். அவர் மெதுவாகப் போனை எடுத்து அதிலிருக்கும் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டார். அது திருப்பி அவரிடம் கேட்டது: உறுமுகிறதா? கையால் சுற்றிவிட்டால் ஓடுகிறதா? சுற்றிவிட்டார். ஓடியது.

"கப்பாசிட்டருதானாமுங்க" என்றார். மோட்டாரைக் கிளப்பிவிடும் சின்னச் சாமான் அது; மாற்றிவிட்டால் வேலை முடிந்தது.

கொங்கு நாட்டில் ஒருவரை அவமானப்படுத்துவதானாலும் 'ங்க' போட்டுத்தான் செய்வோம். அதனால் வலி கூடுதல். முப்பது வருடமாக நான் செய்கிற வேலையை ஒரு போன், மோட்டாரைக் கண்ணால்கூடப் பார்க்காமல் செய்துவிட்டது. பார்க்காமல் சொன்னது நானும்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை உலகத்தோடு சேர்த்து இதையும் அனுப்பினேன். "மனுஷருடைய கைவேலையைப் பறிக்கிற செயற்கை நுண்ணறிவுக் கம்பெனிகளின் வாசல்களை அடைத்தருளும் என்று உம்மை வேண்டுகிறோம்."

ஒன்பது வருடத்தில் அப்படி ஒரு பதில் வந்ததில்லை. சூடானுக்கெல்லாம் பாதித் தூக்கத்தில் சொல்கிறவர்கள் இதற்குக் கூரை அதிரச் சொன்னார்கள். ஆராதனை முடிந்ததும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி, விடாமல் வைத்துக்கொண்டார். நானும் விடவில்லை.

புதன்கிழமை ஜெபராணி கடைக்கு வந்தாள்.

ஜெபராணி ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்ப்பவள். பொள்ளாச்சிப் பக்கத்துக் கிராமம். அவளுடைய அம்மாவும் அவளும் கொப்பரைக் களத்தில் தேங்காய் உடைத்துக் காயவைத்தவர்கள். புருஷன் போன பிறகு பெண்ணைக் கூட்டிக்கொண்டு கோயம்புத்தூர் வந்து பத்து வருடமாகிறது. ஒரே பெண், சாரா. ஏதோ கம்ப்யூட்டர் வேலை என்று மட்டும் எனக்குத் தெரியும்.

கடையில் இருப்பது ஒரே நாற்காலி. அதில் நான் இருந்தேன். அவள் வாசலில் நின்றாள்.

"ஏனுங்ண்ணா, ஒரு சங்கதி கேக்கோணும்."

"கேளு அம்மணி."

"போன ஞாயித்துக்கெழமை வேண்டுனீங்கல்லங்க, அதைய வாபஸ் வாங்கோணும்."

"எதை?"

"கம்பெனி வாசலை அடைக்கச் சொன்னீங்கல்ல. அடைக்கறாங்க."

நான் கையிலிருந்த செம்புக் கம்பியைக் கீழே வைத்தேன்.

"சாரா கம்பெனீலீங்க. நேத்து எல்லாத்தையும் கூப்பிட்டுச் சொல்லிப்போட்டாங்களாம். எம்பது பேருல முப்பத்தோரு பேரு வேண்டாமாம். அடுத்த செவ்வாக்கெழமை லிஸ்ட்டு."

"அது என்ன கம்பெனி?"

"எனக்கெப்படீங்க தெரியும்? போட்டோவுல பொட்டி போடற சோலின்னுதான் மூணு வருசமாச் சொல்லுவா. அதுக்குப் பேருதான் செயற்கை நுண்ணறிவுன்னு நேத்துத்தானுங்க சொல்றா." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நானும் சொன்னேனுங்ண்ணா, கேட்டருளும்னு. நெம்பச் சத்தமாச் சொன்னேன். நீங்க நல்லா வேண்டுறீங்களேன்னு."

பெரிய மனுஷன் மாதிரிப் பேசினேன். "இங்க பாரு ஜெபராணி. கடவுள் என் பேச்சைக் கேட்டுக்கிட்டு ஒரு கம்பெனியை மூடற ஆளில்லை."

"அப்பறம் எதுக்குங்க வாராவாரம் சொல்றீங்க?"

அவள் குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே கேட்டாள். என் ஜெபம் பலிக்கும் என்றால் அந்தப் பிள்ளையின் வேலைக்கு நான்தான் பொறுப்பு. பலிக்காது என்றால் ஒன்பது வருடமாக மைக்கில் சும்மா பேசிக்கொண்டிருக்கிறேன். இரண்டில் எதை ஒப்புக்கொள்வது?

"எங்கம்மா தரையில குத்தவெச்சு வேலை செஞ்சா. நானும் குத்தவெச்சுச் செஞ்சேன், இப்ப நின்னுட்டுச் செய்யறேன். எங்கூட்டுல சேருல உக்காந்து சோலி பாத்தது என்ற புள்ளதான் மொதலு. வேலை போச்சுன்னா களத்துக்குக் கூட்டிட்டு வந்துருன்னு எங்கண்ணன் இப்பவே போன் பண்ணுது. நீங்க அதே எடத்துல, அதே மைக்குல நின்னு, அது தப்பாச் சொன்னதுங்க ஆண்டவரேன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. அவ்வளவுதானுங்க. வாரேனுங்க."

அவள் போன பிறகுதான் கவனித்தேன், அவள் பேசி முடிக்கும் வரை அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

மறுநாள் சாயங்காலம் சாராவே வந்தாள். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் பை. பஸ் இறங்கி நேராக வந்திருக்கிறாள்.

"அம்மா இங்க வந்தாங்களா அங்கிள்?"

"வந்தாங்க கண்ணு."

"அய்யோ." முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். "வாபஸா?"

"வாபஸ்தான்."

இருவரும் சிரித்துவிட்டோம். அவள் வேலை என்ன என்று கேட்டேன். டிரைவர் இல்லாத காருக்குத் தெரு காட்டிக்கொடுக்கும் வேலை என்றாள். வெளிநாட்டுத் தெருக்களின் படங்கள் வரும். அதில் இருக்கும் ஒவ்வொரு ஆளையும் சைக்கிளையும் நாயையும் சுற்றிக் கட்டம் வரைய வேண்டும். லட்சக்கணக்கில் வரைந்து கொடுத்தால்தான் காருக்கு ஆள் எது, கம்பம் எது என்று புரியுமாம்.

"எந்த ஊருன்னு சொல்ல மாட்டாங்க அங்கிள். பனியாக் கெடக்கும். ஒரு தாத்தா செவப்புத் தொப்பி போட்டுட்டு நாயோட வருவாரு. நாய்க்கு மூணு காலுதான். அந்த முக்கு எனக்குக் காந்திபுரத்தை விட நல்லாத் தெரியும்."

"நாய்க்கும் பெட்டியா?"

"நாய்க்கும்தானுங்க. சில படத்துல கொடை மறைச்சிருக்கும், காலு மட்டுந்தான் தெரியும். அதுக்கும் போடோணும். உட்டுட்டா அங்க ஆளிருக்குன்னு காருக்குத் தெரியாது. ஏத்தீரும்." பிறகு சொன்னாள்: "மூணு வருசத்துல நான் ஒருத்தரையும் உட்டதில்லைங்க அங்கிள்."

நான் உலகத்துக்காக ஜெபிக்கிறவன். நாடு நாடாகத்தான் சொல்வேன். ஆள் ஆளாகச் சொன்னதில்லை. அவளிடம் அதைச் சொல்லவில்லை.

"இப்ப எதுக்கு ஆளைக் குறைக்கிறாங்க?"

"அதுவே பொட்டி போடக் கத்துக்கிச்சுங்க. கத்துக்குடுத்தது நாங்கதான். சரியாப் போட்டிருக்கான்னு பாக்கறதுக்குக் கொஞ்சம் பேரு போதுமாம்."

"அப்போ என் ஜெபத்தால இல்லையே?" ஆசையோடு கேட்டேன்.

"உங்க ஜெபம் போன ஞாயித்துக்கெழமைங்க. கம்பெனி முடிவு பண்ணுனது போன மாசமாம்."

பெரிய பாரம் இறங்கியது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், துளி ஏமாற்றமும் இருந்தது.

"இதை அம்மாகிட்டச் சொன்னியா?"

"சொன்னேனே. நீங்க வேண்டப்போறது கடவுளுக்குப் போன மாசமே தெரியும்ங்கறாங்க."

ஜெபராணியை இறையியல் கல்லூரிக்கு அனுப்பியிருக்க வேண்டும்.

கிளம்பும்போது சாரா வாசலில் நின்றாள். "அங்கிள், எம்பேரை மட்டும் சர்ச்சுல சொல்லீராதீங்க. எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. அம்மா கேட்டா, சொன்னேன்னு சொல்லிக்கோங்க." பிறகு, ஏதோ திருட்டை ஒப்புக்கொள்வது போல, "அன்னைக்கு நானும் சொன்னேன் அங்கிள், கேட்டருளும்னு. பழக்கத்துல வந்துருச்சு" என்றாள்.

அம்மாவுக்கு வாபஸ் வேண்டும். மகளுக்கு மூச்சுக் காட்டக் கூடாது. வெள்ளிக்கிழமை ஆயரைப் போய்ப் பார்த்தேன். ஜெபத்தை வாபஸ் வாங்க முறை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இருபத்தாறு வருச ஊழியத்துல கல்யாண ரத்துக்கு வந்திருக்காங்க. ஜெப ரத்துக்கு நீங்கதான் மொத ஆளு."

"இருக்குங்களா, இல்லீங்களாய்யா?"

"ரத்துக்கு ஏற்பாடு கெடையாதுங்க. மன்னிப்புக் கேக்கறதுக்கு இருக்கு. அது ஆதியில இருந்தே இருக்கு."

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக எங்கள் மோட்டாரைக் கழற்றினேன். கப்பாசிட்டர்தான். மாற்றி, ஸ்விட்சைப் போட்டதும் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அன்புச்செல்வி வெளியே வந்து குடத்தைக் கவிழ்த்துவைத்தாள்.

"ஏனுங்க, உக்ரைன்ல கரண்ட்டு வந்துருச்சுங்களா?"

ஞாயிற்றுக்கிழமை மைக் முன்னால் நின்றபோது உலகம் சட்டைப்பையில் இருந்தது. எடுக்கவில்லை. கண்ணாடியையும் எடுக்கவில்லை. நானூறு முகமும் ஒரே மங்கலாகத் தெரிந்தன. அதுவும் நல்லதுதான்.

"ஆண்டவரே, போன வாரம் இங்கே நின்று நான் கேட்டது உலகத்துக்காக அல்ல. ஒரு கிரைண்டர் மோட்டாருக்காக."

எங்கேயோ ஒருவர் இருமினார்.

"கப்பாசிட்டர் போன மோட்டாரைத் திறந்து பார்க்காமல் காயில் போனது என்று சொன்னவன் நான். அதில் வந்த கோபத்தை இந்த நானூறு பேருடைய வாயில் வைத்து உம்மிடத்தில் அனுப்பிவிட்டேன். அவர்கள் மேல் தப்பில்லை. என்னை மன்னியும்."

ஆண்கள் பக்கத்தில் சிரிப்பு கிளம்பி அடங்கியது. போன வாரம் கை குலுக்கிய தலைமையாசிரியர் மட்டும் சிரிக்காமல் இருமினார்.

"தெரியாத ஊரில் குடைக்குள் மறைந்து நடக்கிறவனைக்கூட விட்டுவிடாமல் பார்த்துக்கொண்டு, நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்கிற பிள்ளைகள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் உட்கார்ந்திருக்கிற நாற்காலியை யாரும் பிடுங்காதபடி காத்தருளும் என்று உம்மை வேண்டுகிறோம்."

பதில் வரவில்லை. நான் எதைப் பற்றிப் பேசுகிறேன் என்று யாருக்கும் விளங்கவில்லை. குடை, நாற்காலி, மோட்டார். ஐ.நா.வுக்கு வயதாகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். பெண்கள் பக்கம் கடைசி வரிசையிலிருந்து ஒரே ஒரு குரல், ஜெபராணியுடையது, தாளம் தப்பி எழுந்தது.

"கர்த்தாவே, எங்கள் ஜெபத்தைக் கேட்டருளும்!"

அதற்குப் பிறகுதான் மற்றவர்கள், விட்ட பஸ்ஸை ஓடிப் பிடிப்பது போலச் சேர்ந்துகொண்டார்கள்.

செவ்வாய்க்கிழமை லிஸ்ட் வந்தது. அதில் சாராவின் பெயரும் இருந்தது.

சேதி தெரிந்ததால் மறுநாள் காலையில் கடையைத் திறக்க மனம் வரவில்லை. திறந்தேன். ஜெபராணி வருவாள் என்று தெரியும். என்ன சொல்வது என்று நாலைந்து வாக்கியம் தயார் செய்திருந்தேன். தெருமுனையில் அவளைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்து, அதைத் துணியால் துடைத்து வாசல் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"உக்காரு அம்மணி."

மறுக்கவில்லை, உட்கார்ந்தாள். தயார் செய்த வாக்கியங்களை அப்படியே விட்டுவிட்டேன்.

"என்னை மன்னிச்சுரு ஜெபராணி."

"நீங்க என்னங்ண்ணா பண்ணுவீங்க? ரவைக்குப் படுத்துட்டு யோசிச்சுப் பாத்தனுங்க. நீங்களும் வருசக்கணக்கா வேண்டுறீங்க, அந்த உக்ரைன் சண்டையே இன்னும் நிக்கலை. நீங்க சொல்லியா ஒரு கம்பெனி ஆளைக் கொறைக்கப்போவுதுன்னு நெனச்சேன். அப்பறம் மனசு ஆறிப்போச்சு."

என்னை இவ்வளவு அன்பாக யாரும் மட்டம் தட்டியதில்லை.

அவள் ரவிக்கைக்குள்ளிருந்து மடித்த தாளை எடுத்து நீட்டினாள். சாராவின் கையெழுத்து. ஒன்று, இரண்டு என்று எண் போட்டு முப்பத்தொரு பெயர்கள். ரவிதேஜா. ஹர்ஷிணி. ரசாக். கௌதமன். மாசாணம்.

"இந்தப் புள்ளைகளைய இந்த வாரம் சேத்துக்கோங்க. அந்த மாசாணத்துக்கு அப்பன் ஆத்தா ரண்டு பேருமே இல்லீங்க. ஹர்ஷிணிக்குக் கையில கொழந்தை. சாரா பேரு பதினேழாவதா இருக்குது. அதைய முன்னாடி கொண்டாந்துராதீங்க. வரிசையாவே இருக்கட்டும்."

"சாரா பேரைச் சொல்ல வேண்டாம்னாளே?"

"அன்னைக்கு அவ ஒருத்தி. இன்னைக்கு முப்பத்தோரு பேரோட சேந்துதானுங்க வருது. சொல்லிக்கச் சொல்லிட்டா. இதைய எழுதுனதே அவதான்."

தாளை மேலும் கீழும் பார்த்தேன். சபை நடைமுறை என்று ஒன்று இருக்கிறதே. "இல்ல ஜெபராணி, இதுல சாராவைத் தவிர நம்ம சபை ஆளு ஒருத்தரும் இல்லையே?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"உக்ரைனு நம்ம சபைங்களாண்ணா?"

தாளை மடித்து, உலகம் வைக்கும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

எழுந்து போகும்போது சொன்னாள், திங்கட்கிழமை சாரா இன்னொரு கம்பெனிக்கு இன்டர்வியூ போகிறாளாம். எக்ஸ்ரே படத்தில் எலும்பு எங்கே விரிசல் விட்டிருக்கிறது என்று கட்டம் போடும் வேலை. ரசாக்கும் மாசாணமும்கூடப் போகிறார்களாம். இருப்பது இரண்டே இடம். பொள்ளாச்சி அண்ணனிடம் ஒரு மாதம் தவணை சொல்லியிருக்கிறாளாம். "களத்துக்கு எப்ப வேணும்னாலும் போலாமுங்க. அது எங்க ஓடீரப் போவுது."

சனிக்கிழமை மத்தியானம் கடையிலேயே உட்கார்ந்து எழுதினேன். இரண்டு சண்டை, ஒரு வெள்ளம், நின்றுபோன கப்பல்கள், வரி. அதற்குக் கீழே, நம்பர் வரிசை மாறாமல், முப்பத்தொரு பெயர்கள். எழுதிவிட்டுச் சத்தமாகப் படித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது பாலகோபால் இன்னொரு மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க, ஓட்டர் லிஸ்ட்டுங்களா?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் மோட்டாரைக் கீழே வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். அன்றைய கப்பாசிட்டர் அவருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும்.

"படிங்க. நான் டைம் பாக்கறேன்" என்று போனை எடுத்தார்.

உலகத்தில் தொடங்கி முப்பத்தொன்றாவது பெயர்வரை படித்தேன். பதினேழில் நிற்கவில்லை. படித்து முடித்து அவரைப் பார்த்தேன்.

"நாலு நிமிசம் இருவது செகண்டுங்க."

"நாலுதான் குடுத்திருக்காங்க."

"அப்ப யாராச்சும் ஒருத்தரை உடோணுமுங்க."

தாளைப் பார்த்தேன். சூடானைப் பார்த்தேன். ஹர்ஷிணியைப் பார்த்தேன். மாசாணத்தைப் பார்த்தேன்.

"யாரையும் விட முடியாதுங்க. இன்னொருக்கா டைம் பாருங்க, வேகமாப் படிக்கறேன்."